கவிதையில் அருவமும் பொருளும்: வன்னியிலிருந்து எழுதத் தொடங்குபவர்களுக்கு

புதிதாகக் கவிதை எழுதுபவர்களின் கொப்பிகளைத் திறந்தால் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: வலி, இழப்பு, ஏக்கம், மௌனம், விடியல், நினைவு, சுமை, கனவு. வன்னியில் இந்தச் சொற்களை யாரும் பொய்யாக எழுதுவதில்லை. எழுதுபவருக்கு உண்மையிலேயே வலி இருக்கிறது. ஆனால் அது வாசிப்பவரிடம் போய்ச் சேர்வதில்லை. 'வலி' என்று வாசிக்கிற ஒவ்வொருவரும் தன்னுடைய வலியைத்தான் நினைப்பார். உங்களுடையது அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. இப்படிக் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத அருவச்சொல்லே கூடாது என்று எங்கோ கேட்டுவிட்டு, தகரம், வேலி, கிணறு, சைக்கிள் என்று பொருள்களை மட்டும் அடுக்கிவைப்பார்கள். வாசிப்பவர் கடைசி வரிக்கு வந்ததும், இதை ஏன் எனக்குச் சொன்னார் என்று யோசிப்பார்.

கவிதைக்கு இரண்டும் வேண்டும். எங்கள் நிலைப்பாடு இது: ஒரு பொருளோடு மோதிப் பார்க்காத அருவச்சொல்லுக்குக் கவிதையில் இடமில்லை. மோதிப் பார்த்தபின், பன்னிரண்டு வரிக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறோம். ஒரு கவிதைக்கு ஒரு கிழமை ஒதுக்குங்கள்.

சிவப்புப் பேனையும் நீலப் பேனையும்

எழுதி வைத்திருக்கிற ஒரு கவிதையை எடுத்து, வரிக்கு வரி இடைவெளி விட்டுப் புதிதாக ஒருமுறை எழுதுங்கள். பாடசாலையில் படித்த அறுவகைப் பெயரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர், சினைப்பெயர், குணப்பெயர், தொழிற்பெயர். முதல் நான்குக்கும் நீலப் பேனையால் கோடு போடுங்கள். மண்வெட்டி, மாங்குளம், மார்கழி, முழங்கால் எல்லாம் நீலம். கடைசி இரண்டையும் சிவப்பால் வட்டமிடுங்கள். வறுமை, தனிமை, கொடுமை ஆகியவை குணப்பெயர். காத்திருத்தல், பிரிவு, வருகை, இழப்பு ஆகியவை தொழிற்பெயர்.

பொருட்பெயர் மாதிரி உட்கார்ந்துகொண்டு அருவமாக வேலை செய்கிற சொற்களும் இருக்கின்றன. இதயம், உயிர், நெஞ்சு, இரத்தம், மண். 'என் இதயம் அழுகிறது' என்கிறபோது அங்கே இதயம் என்ற உறுப்பு கிடையாது. இவற்றையும் சிவப்பில் சேருங்கள். 'மண்' மட்டும் சந்தேகத்துக்குரியது. நகத்துக்குள் புகுந்த மண் நீலம், தாய்மண் சிவப்பு.

இப்போது எண்ணுங்கள். பன்னிரண்டு வரியில் நான்குக்கு மேல் வட்டம் இருந்தால் அந்தக் கவிதை பெரும்பாலும் காற்றில் நிற்கிறது. வட்டமே இல்லையென்றால் அது பிழை என்று அர்த்தமில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

வட்டமிட்ட தொழிற்பெயர்களைச் சரிசெய்வது எளிது, அதிலிருந்தே தொடங்கலாம். தொழிற்பெயருக்குள் ஒரு வினை சுருண்டு கிடக்கிறது. அதை விரித்து, யார், எங்கே, எப்போது என்று மூன்றையும் கொடுங்கள். 'காத்திருத்தல்' என்பது 'நாலரை பஸ்ஸும் போய்விட்டது, இன்னும் முறிகண்டியில் நிற்கிறாள்' என்று ஆகும். குணப்பெயருக்கு இந்த வழி சரிவராது, அதற்கு அளவு வேண்டும். 'வறுமை' என்ற இடத்தில் 'அரைக் கொத்து அரிசி, ஐந்து கோப்பை' என்று எழுதிப் பாருங்கள். எண்கள் கவிதையைக் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவு சொல்லும் வரிகளைத்தான் வாசிப்பவர் அதிகம் நம்புகிறார்.

உணர்ச்சிப் பெயர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மெய்ப்பாடு என்பது உள்ளே நடப்பது உடம்பில் தெரிவது. ஆகவே 'அச்சம்' என்று எழுத வந்த இடத்தில் உடம்பு என்ன செய்தது என்று கேளுங்கள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்கிறது. முற்றத்தில் இருந்த பெரியவர் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, மேலே பார்க்காமல் எழுந்து மாமரத்தின் கீழ் போய் நிற்கிறார். சத்தம் போனபின் திரும்பி வந்து கோப்பையை எடுக்கிறார். 'அச்சம்' என்ற சொல் இனி அங்கே வேண்டியதில்லை.

படிப்படியாகக் கீழே இறங்குதல்

ஒரு அருவச்சொல்லை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் ஒரு படி இறங்கி எழுதும் பயிற்சி இது. பத்து நிமிடம் போதும்.

இழப்பு
வீடு போனது
கல்வீடு
கதவும் நிலையும் கழற்றப்பட்ட கல்வீடு
நிலை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை
மூன்றாம் துளையில் துரு

எந்தப் படியில் நிற்பது என்பதுதான் கேள்வி. முதல் மூன்று படிகளும் யாருடைய வீட்டுக்கும் பொருந்தும். நான்காவதில் ஒரு காலம் தெரிகிறது: மீள்குடியேறி வந்தவர் முதல்நாள் கண்ட வீடு. ஐந்தாவதில் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்த ஒருவர் தெரிகிறார். ஆறாவதில் வீடே மறைந்துபோய்த் துரு மட்டும் மிஞ்சுகிறது. பெரும்பாலான கவிதைகளுக்கு நான்காம் ஐந்தாம் படிகள்தான் சரி. மிகவும் கீழே இறங்கினால் வாசிப்பவருக்கு எதன் பகுதியைப் பார்க்கிறோம் என்பது தெரியாமல் போகும். இறங்கியவர் ஒருமுறையாவது மேலே ஏறிக் காட்டவேண்டும். ஐந்தாம் படியில் நிற்கிற கவிதைக்குள் 'வீடு' என்ற சொல் எங்காவது ஒரு தடவை வரட்டும்.

பெயர்களிலும் இப்படித்தான் இறங்கவேண்டும். 'மரம்' என்றால் எந்த மரம்? வன்னியில் பாலை இருக்கிறது, வீரை இருக்கிறது, முதிரை, கருங்காலி, விளா, நாவல், வாய்க்கால் ஓரத்து மருது இருக்கின்றன. 'பறவை' என்றால் ஆட்காட்டியா, செண்பகமா, நீர்க்காகமா? நெல் என்றால் கடையில் வாங்கிய விதைநெல்லா, வீட்டில் வைத்திருந்த மொட்டைக்கறுப்பனா? பெயர் தெரியாவிட்டால் வயல்காரரிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு கவிதைக்குள் ஐந்து மரத்தின் பெயரைப் போட்டுக் கெட்டிக்காரத்தனம் காட்ட வேண்டாம். ஒரு மரம் போதும், அது ஏதாவது செய்யட்டும்.

கொப்பி

எழுத உட்கார்ந்த பிறகு பொருளைத் தேடினால் கைக்கு வருவது எல்லோருக்கும் வருகிற பொருள்தான்: மழை, நிலா, வேலி, பனை. அதனால் முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும். சட்டைப் பையில் அடங்குகிற கொப்பி ஒன்றில் ஒரு நாளைக்கு மூன்று பதிவு, ஒவ்வொன்றும் ஒரு வரி. பதிவில் இரண்டு விஷயம் இருக்கவேண்டும்: பொருள், அது செய்வது. முடிந்தால் கண்ணைத் தவிர இன்னொரு புலன்.

துருசு திறந்ததும் வாய்க்காலில் முதலில் வருவது சருகும் நுரையும்.
பாலைப்பழம் தின்றபின் உதடு ஒட்டுகிறது.
கிடுகு வேலிக்குள்ளால் காற்று போகிறது, தகர வேலி காற்றோடு சண்டை பிடிக்கிறது.
யானைவெடி போட்டபின் நாய்கள் குரைக்கவில்லை.
பஸ் யன்னலோரம் முழுக்கக் கச்சான் கோது.

காலத்தைக் கட்டாயம் குறியுங்கள், ஏனென்றால் பிழைகள் அங்கேதான் நுழைகின்றன. ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் இங்கே பெருமழை. காலபோகத்தின் அறுவடை தை, மாசியில். சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது, எல்லா வயலும் விதைக்கப்படாது. வைகாசியிலிருந்து பாலைப்பழக் காலம். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி அலைகரை வெடித்துக் கிடக்கும். ஏட்டில் படித்ததை அப்படியே இறக்கினால் இந்த நாட்காட்டியோடு முட்டும். சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூ. வன்னியில் கொன்றை மஞ்சளாகத் தொங்குவது சித்திரை, வைகாசி வெயிலில். மழை இருட்டில் கொன்றையைப் பூக்க வைத்தால் உங்கள் ஊர்க்காரர் அந்த வரியிலேயே கவிதையை மூடிவிடுவார்.

உணர்ச்சிகளை இந்தக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதாதீர்கள். அவற்றுக்குக் கடைசிப் பக்கம். பொறாமை, வெட்கம், குற்றவுணர்வு, நன்றி என்று வெறும் சொற்களாகக் கிடக்கட்டும். 'வலி' என்று ஒன்றை மட்டும் எழுதாமல் சிறிய உணர்ச்சிகளையும் சேருங்கள். நிவாரண வரிசையில் முன்னுக்கு நிற்பவரைப் பார்த்து வருகிற எரிச்சலும் ஓர் உணர்ச்சிதான், அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இரண்டு கிழமை கழித்து முன்பக்கத்திலிருந்து ஒன்றையும் பின்பக்கத்திலிருந்து ஒன்றையும் எடுத்துச் சேருங்கள். சோகத்துக்கு மழை, நம்பிக்கைக்கு விளக்கு என்று எடுத்த எடுப்பில் பொருந்துகிற சோடிகளைத் தள்ளிவிடுங்கள். வெட்கமும் யானைவெடியும், நன்றியும் தகர வேலியும் என்று பொருந்தாத சோடியை எடுத்து, இவை இரண்டும் எந்த வீட்டில் எந்த இரவில் சந்திக்கும் என்று கேளுங்கள். கவிதை பெரும்பாலும் அங்கே தொடங்கும்.

தேய்ந்துபோன பொருள்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போகவேண்டும், ஏனென்றால் வன்னியில் எழுதுபவர்களுக்கே உரிய சிக்கல் இது. முள்வேலி, விதை, பனை, செங்குருதி, ஒற்றைச் செருப்பு, கார்த்திகைப்பூ எல்லாம் கண்ணால் காணக்கூடிய பொருள்கள். நீலப் பேனையில் கோடு விழும். ஆனாலும் அவை அருவச்சொற்களாக மாறிவிட்டன. வாசிப்பவர் 'முள்வேலி' என்றதும் கம்பியைப் பார்ப்பதில்லை, முன்பே தெரிந்த ஒரு கருத்தைப் பார்க்கிறார். 'விதை' என்றதும் நெல்மணி வருவதில்லை, மேடை வருகிறது. இப்படிப்பட்ட பொருளைக் கவிதையில் வைத்துவிட்டு, நான் பருண்மையாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நிம்மதி அடைய முடியாது.

சோதிப்பதற்கு ஒரு வழி: அந்தப் பொருளின் இடத்தில் அதன் கருத்தை வைத்து வாசியுங்கள். 'முள்வேலிக்குள் எங்கள் நாள்கள்' என்பதும் 'சிறைக்குள் எங்கள் நாள்கள்' என்பதும் ஒரே மாதிரித் தோன்றினால் பொருள் தேய்ந்துவிட்டது.

தேய்ந்ததைத் தூக்கி எறியவேண்டும் என்று சொல்லமாட்டோம். அது உங்கள் ஊரில் உண்மையாகவே இருக்கிறது. திரும்பப் பெறுவதற்கு வழி, அருகில் போய்ப் பார்ப்பது. கார்த்திகைப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குக் கிழங்கிலிருந்து கொடி முளைத்து வேலியில் ஏறுகிறது. ஏறுவது எதனால்? இலையின் நுனியே நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பியாகி, பக்கத்தில் கிடைக்கிற கம்பை இறுக்கிப் பிடிக்கிறது. இதழ்கள் பின்பக்கமாக மடிந்து மேலே நிற்க, மகரந்தத் தண்டுகள் சுற்றிவர விரிந்து கிடக்கின்றன. நிறம் மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது. கிழங்கு நஞ்சு. இவ்வளவையும் பார்த்த ஒருவர் 'தியாகத்தின் கார்த்திகைப்பூ' என்று எழுதமாட்டார். இலையே கையாகிக் கம்பியைப் பிடிக்கிறதே, அந்த ஒன்றை எடுத்து, யாருடைய வேலியில், எதன் கம்பியில் என்று சொன்னால் பூ பழையபடி பூவாகிவிடும்.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் கடல்நீரில் எரிகிற விளக்கும் இப்படித்தான். அதன் அர்த்தத்தை ஊரே அறியும், நீங்கள் அதற்குப் புதிதாக அர்த்தம் சொல்லத் தேவையில்லை. அங்கே நின்றவர்களில் ஒருவரின் கையையோ காலையோ காட்டினால் போதும்.

ஒரு கவிதை மூன்று வரைவில்

காணாமல் ஆக்கப்பட்ட அண்ணனைப் பற்றி எழுதவரும் ஒருவரின் முதல் வரைவு பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும். பயிற்சிக்காக நாங்கள் ஆக்கியது:

இழப்பின் வலியில்
என் இதயம் அழுகிறது
நினைவுகளின் சுமையோடு
விடியலுக்காய்க் காத்திருக்கிறோம்
அண்ணா
உன் வருகை எப்போது

சிவப்பு வட்டங்கள்: இழப்பு, வலி, இதயம், நினைவு, சுமை, விடியல், வருகை. ஆறு வரியில் ஏழு. நீலக் கோடு 'அண்ணா' ஒன்றுக்குத்தான். இந்தக் கவிதையில் வேறொருவரின் அண்ணனை வைத்தாலும் ஒரு எழுத்தும் மாறாது.

பொருளைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னதும் வருகிற இரண்டாவது வரைவு இது:

அண்ணாவின் சைக்கிள்
கறுப்பு லுமாலா
மட்காட்டில் துரு
கரியரில் ரியூப் துண்டு
தகரக் கொட்டிலுக்குள்
இரண்டு சில்லிலும் காற்றில்லை

இது விற்பனைக்கு வைத்த சைக்கிளுக்கும் பொருந்தும். கடைசியில் வருகிற 'இல்லை' தவிர ஒரு வினைமுற்றும் இல்லை, பொருளை யாரும் தொடவில்லை. பட்டியல் கவிதை உயிரில்லாமல் கிடப்பதற்குக் காரணம் இதுதான். இந்த இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பொருளை இப்போது யார் பயன்படுத்துகிறார்? அதில் எதை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்? மாற்றவிடாமல் தடுப்பவர் யார்? விடைகளை வைத்து, தங்கையின் குரலில் எழுதிய மூன்றாவது வரைவு:

அண்ணாவின் சைக்கிளில்
பள்ளிக்கூடம் போகிறேன்
பெருவிரல் நுனிக்குத்தான்
பெடல் எட்டுகிறது

சீற்றை இறக்கப்
பதின்மூன்றாம் நம்பர் சாவி போதும்
பக்கத்து வீட்டில் இருக்கிறது

அம்மா விடவில்லை
வந்து ஏறுகிறபோது
அவனுக்கு உயரம் பிழைக்கக் கூடாதாம்

நிறமும் துருவும் போய்விட்டன, வேலை செய்யாத விவரம் நிற்கக்கூடாது. சாவியின் நம்பர் நிற்கிறது, ஏனென்றால் தங்கை ஏற்கெனவே விசாரித்துப் பார்த்திருக்கிறாள் என்பதை அது சொல்கிறது. கடைசிச் சொல்லின் 'ஆம்' என்ற விகுதியைக் கவனியுங்கள். அம்மா சொன்னதாகத் தங்கை சொல்கிறாள், தான் சொல்லவில்லை. அம்மாவின் நம்பிக்கையும் தங்கையின் தயக்கமும் அந்த ஒரு விகுதியில் சேர்ந்து நிற்கின்றன. இதற்குப் பிறகு 'இதுதான் எங்கள் நம்பிக்கை' என்று ஒரு வரி சேர்த்தால் தங்கையின் தயக்கம் அழிந்து, பாதிக் கவிதை போய்விடும்.

இங்கே அருவச்சொல் தேவைப்பட்டால் அதைத் தலைப்பில் வைக்கலாம், நேராக இல்லாமல் பக்கவாட்டில். 'நம்பிக்கை' என்ற தலைப்பு விடையை முன்பே சொல்லிவிடும். 'உயரம்' என்பது கவிதைக்குள்ளிருந்தே வந்த சொல், பொருளும் அருவமுமாக இரண்டு பக்கமும் சாய்கிறது. எங்களுக்கு அதுவே பிடிக்கிறது. பொதுவாக, உடல் முழுக்கப் பொருளாக இருந்தால் தலைப்புக் கொஞ்சம் அருவமாக இருக்கலாம். உடலில் அருவச்சொல் இருந்தால் தலைப்பு ஒரு பொருளாக இருக்கட்டும்.

அருவச்சொல்லை எங்கே வைப்பது

அருவச்சொல் வேண்டிய கவிதைகளும் உண்டு. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்த மாதிரியான வெள்ளத்தை எழுதப்போகிறீர்கள், 'நியாயம்' என்ற சொல் உங்களை விடமாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் வைத்தால் அதற்குப் பின் வருவதெல்லாம் உதாரணமாகிவிடும், வாசிப்பவர் ஒரு பேச்சைக் கேட்கிற மாதிரி உட்காருவார். கடைசி வரியில் வைத்தால் பழமொழி மாதிரி முடியும், கைதட்டு விழும், மறுநாள் நினைவிருக்காது. நடுவில் வைத்து, அதற்குப் பின் ஒரு செயலை வையுங்கள்:

குளம் வான் பாய்கிறது
மூன்று நாளாய்ப் பயிர் தண்ணீருக்குள்

தண்ணிக்கு ஞாயம் தெரியாது
என்றார் அப்பா

என்றபடியே வரம்பை வெட்டிச்
சின்னையா வயலுக்குள் திருப்பிவிட்டார்

'ஞாயம்' வருகிறபோது வாசிப்பவர் தலையாட்டுகிறார். அடுத்த இரண்டு வரி அந்தச் சொல்லைத் திருப்பி அப்பாவின் பக்கம் நிறுத்துகிறது. அருவச்சொல் பொருளோடு மோதுவது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். இன்னொன்றையும் பாருங்கள். அந்தச் சொல்லைச் சொல்பவர் கவிஞர் இல்லை, வயலில் நிற்கிற ஒருவர், அதுவும் பேச்சுவழக்கில். பாத்திரத்தின் வாயில் வைக்கும்போது அருவச்சொல்லின் பாரம் பாதியாகக் குறையும்.

'வான் பாய்கிறது', 'துருசு', 'அலைகரை', 'உப்பட்டி' போன்ற சொற்களுக்கு அடியில் விளக்கம் எழுதவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அருகில் ஒரு வினையை வைத்தால் வெளியூர் வாசகருக்கும் விளங்கும். அலங்காரத்துக்காக நாலு வட்டாரச் சொல்லை அள்ளிப் போடுவதைத்தான் தவிர்க்கவேண்டும்.

அடிக்கடி பிழைக்கிற இடங்கள்

மிக அதிகமாகக் காண்பது 'இன்' போட்டு ஒட்டுகிற பழக்கம். நினைவுகளின் வேலி, கனவுகளின் சாம்பல், மௌனத்தின் முட்கள். ஒரு அருவமும் ஒரு பொருளும் சேர்ந்துவிட்டதால் சமநிலை வந்துவிட்டது என்று தோன்றும். நடப்பது என்னவென்றால், அருவம் பொருளைத் தின்றுவிடுகிறது. வேலியை யாரும் பார்ப்பதில்லை. சரிசெய்ய, முன்சொல்லை வெட்டிவிட்டு வேலியை மட்டும் வைத்து அடுத்த மூன்று வரியை எழுதுங்கள். வேலி தானாக நிற்க முடியாவிட்டால் அது அங்கே இருந்திருக்கவே கூடாது.

படிமத்துக்குப் பிறகு வருகிற விளக்க வரி அடுத்தது. நல்ல ஒரு காட்சியை எழுதிவிட்டு, வாசிப்பவருக்கு விளங்காதோ என்ற பயத்தில் 'அப்படித்தான் எங்கள் வாழ்வும்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். எழுதி முடித்த எந்தக் கவிதையிலும் கடைசி இரண்டு வரியைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுக் கவிதைக்கு மறைத்த நிலையே நல்லது.

படிமங்கள் ஒன்றோடொன்று முட்டுவதும் உண்டு. 'நம்பிக்கை விதைகள் சிறகு விரித்தன' என்ற வரியில் விதையும் இல்லை, சிறகும் இல்லை. ஒரு வரிக்கு ஒரு படிமம், அந்தப் படிமத்தின் உலகத்துக்குள்ளேயே வினையும் இருக்கட்டும். விதை என்றால் முளைக்கும், உளுத்துப்போகும், கிளி தின்னும்.

நிலம், கரு, உரி

அகப்பாடலின் பொருளைத் தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்து மரம், பறவை, உணவு, தொழில். உரிப்பொருள் மனிதருக்குள் நடப்பது. மூன்றிலும் உரிப்பொருளுக்கே சிறப்பு என்பது மரபு. ஆனால் அது முதலிலும் கருவிலும் ஊறித்தான் வெளிவரும். அருவமும் பொருளும் எப்படிச் சேர்வது என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கிற பழைய, நல்ல விடை இது. ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் முல்லை, முத்தையன்கட்டின் கீழ் மருதம், நந்திக்கடலோரம் நெய்தல் என்று மூன்று நிலமும் ஒரு சைக்கிள் ஓட்டத்துக்குள் இருக்கிற இடம் வன்னி. அதற்காக முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல் என்று பூட்டிவைக்கத் தேவையில்லை. எழுதிய கவிதைக்குப் பக்கத்தில் மூன்று பத்தி கீறி, எந்தச் சொல் எந்தப் பத்தியில் விழுகிறது என்று நிரப்புங்கள். பொழுது என்ற இடம்தான் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். 'விடியக் காலமை' என்ற இரண்டு சொல் சேர்ந்தாலே பல கவிதைகள் நிமிர்ந்து உட்காரும்.

வாய்மொழிப் பாடல்களும் இதைக் கற்றுத்தரும். ஒப்பாரியைக் கவனித்துக் கேளுங்கள். துயரம் என்ற சொல் அதில் அரிது. வாசல், படலை, தாலி, பட்டுச்சேலை என்று பொருள்கள்தான் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் இறந்தவரைக் கூப்பிட்டுச் சொல்லப்படும். நெல் அறுக்கும்போது பாடுகிற அருவி வெட்டுப் பாட்டும் அப்படியே.

மேடையும் போட்டியும்

கவியரங்குக்கு எழுதுவதானால் கணக்குக் கொஞ்சம் மாறும். கேட்பவர் ஒருமுறைதான் கேட்கிறார், திரும்பிப் போய் வாசிக்க முடியாது. அங்கே ஒரே அருவச்சொல்லை ஏழெட்டு வரிக்கு ஒருமுறை திருப்பிக் கொண்டுவரலாம், ஒவ்வொரு தடவையும் வேறொரு பொருளுக்குப் பக்கத்தில். பல அருவச்சொற்களைக் கலந்தால் மட்டும் எடுபடாது.

பாடசாலைப் போட்டிகளில் தலைப்பே பெரும்பாலும் அருவச்சொல்லாகத்தான் வரும்: சமாதானம், ஒற்றுமை, தாய்மை. முதல் ஐந்து நிமிடம் கவிதை எழுதாதீர்கள். அந்தச் சொல் இல்லாமல் போன ஒரு இடம், ஒரு நாள், ஒரு ஆளை எழுதுங்கள். 'ஒற்றுமை' என்றால் பொதுக்கிணற்றில் எந்த வாளி யாருக்கு என்று சண்டை வந்த நாள். கவிதை முழுக்கக் கிணற்றடியில் நடக்கட்டும். தலைப்புச் சொல்லை உள்ளே ஒரு தடவை, நடுப்பகுதியில், யாராவது ஒருவரின் வாயால் சொல்ல வையுங்கள். நடுவர் தலைப்போடு தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு அந்த ஒரு தடவை போதும்.

கொடுத்து வாசிக்கச் சொல்வது

எழுதியதை நான்கு நாள் மூடிவையுங்கள். பிறகு சத்தமாக மூன்று தடவை வாசியுங்கள். குரல் தானாக மேடைக்குரலாக மாறுகிற வரியைக் குறியுங்கள், அங்கே பெரும்பாலும் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும்.

அதன்பின் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் உங்கள் ஊர்க்காரராகவும் மற்றவர் வவுனியாவுக்கு அப்பால் இருப்பவராகவும் இருந்தால் நல்லது. எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், நல்லாயிருக்கு என்ற பதில்தான் வரும். என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இருவரும் ஒரே பொருளைச் சொல்லி, அது தந்த உணர்ச்சியை இரண்டு விதமாகச் சொன்னால் கவிதை சரியாக நிற்கிறது. உணர்ச்சியை மட்டும் சொல்லி எந்தப் பொருளையும் சொல்லாவிட்டால் நீலப் பேனைக்குத் திரும்புங்கள். பொருளைச் சொல்லிவிட்டு 'அதுக்கென்ன?' என்று கேட்டால், அந்தப் பொருளைத் தொடுகிற ஆளைக் கவிதைக்குள் இன்னும் கொண்டுவரவில்லை. ஊர்க்காரருக்கு விளங்கி மற்றவருக்கு விளங்காத வரி ஒன்று இருந்தால், அதிலுள்ள வட்டாரச் சொல்லை மாற்றாதீர்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கிற வினையை மாற்றி எழுதிவிட்டு மறுபடி கொடுங்கள்.